படத்தில் வரும் மனச்சோர்வும் வீட்டுக்குள் இருக்கும் மனச்சோர்வும்

கேள்வி இதுதான்: தம்பிக்கு மனச்சோர்வு நோய் என்று இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சொல்லிவிட்டார்கள். அம்மா நம்ப மறுக்கிறார். "அழவும் இல்லை, தாடியும் வளர்க்கவில்லை, நாள் தவறாமல் வேலைக்குப் போய்வருகிறான். இவனுக்கென்ன மனச்சோர்வு?" என்கிறார். படங்களில் காட்டுவது எந்த அளவுக்கு உண்மை? அம்மாவுக்குப் போட்டுக்காட்ட ஏதாவது படம் இருக்கிறதா?

உங்கள் அம்மா சந்தேகப்படுவதில் வியப்பில்லை. அவர் இத்தனை காலம் திரையில் பார்த்த நோய்க்கும் உங்கள் தம்பிக்கு வந்திருப்பதற்கும் முகஜாடைகூட ஒத்துவராது. திரைக்கதைக்கு ஒரு காரணம் வேண்டும், ஒரு திருப்பம் வேண்டும். எதனால் வந்தது, எந்த இடத்தில் மாறியது என்று காட்டியாக வேண்டும். மனச்சோர்வில் பல சமயம் இந்த இரண்டையுமே விரல்வைத்துக் காட்ட முடியாது. படங்கள் செய்யும் பிழைகளில் முக்கால்வாசி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

மருத்துவர் எதை வைத்து முடிவு செய்கிறார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பரவலாகப் பயன்படும் வரையறையில் ஒன்பது அறிகுறிகள் உண்டு: நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்தே இருப்பது, எதிலும் ஆர்வமோ இன்பமோ இல்லாமல் போவது, பசியோ எடையோ மாறுவது, தூக்கம் கெடுவது அல்லது அளவுக்கு மீறித் தூங்குவது, அசைவும் பேச்சும் மெதுவாவது அல்லது ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் தவிப்பது, அசதி, தன்னைப் பயனற்றவராகவோ குற்றவாளியாகவோ நினைப்பது, கவனமும் முடிவெடுக்கும் திறனும் குறைவது, சாவைப் பற்றிய எண்ணம். இவற்றில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரமாவது, ஏறக்குறைய எல்லா நாளும் இருக்க வேண்டும். முதலில் சொன்ன இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அழுகை இதில் தனி அறிகுறியே இல்லை. மனம் தாழ்ந்திருப்பதன் ஓர் அடையாளமாக மட்டும் கணக்கில் வருகிறது. காதல் தோல்வி, வேலை இழப்பு, மரணம் என்று ஏதாவது காரணம் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது.

பலதுறை மருந்தகத்தில் தம்பிக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்திருக்கலாம். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் கூடுதலாக விசாரிப்பார். மதிப்பெண்ணை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டுவதில்லை. தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே போன்ற அசதியைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். எந்தப் படத்திலாவது மனச்சோர்வு நோயாளிக்குத் தைராய்டு பார்த்ததுண்டா?

தமிழ்த்திரைக்கு அச்சு வார்த்தவர் தேவதாஸ். 1953ல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்து வந்த படம். காதல் கைகூடவில்லை, குடி, இருமல், அவள் வீட்டு வாசலில் சாவு. அதற்குப்பிறகு வந்த நாயகர்களுக்கு வண்ணம் மாறியதே தவிர வரிசை மாறவில்லை: பிரிவு, தாடி, மது, ஒரு சோகப்பாட்டு. இந்த வரிசை இரண்டு கெடுதல்களைச் செய்திருக்கிறது. காரணம் சொல்ல முடியாதவருக்கு நோய் இல்லை என்ற நினைப்பு ஒன்று. குடியைத் துயரத்தின் விளைவாக மட்டுமே பார்க்கும் பழக்கம் இன்னொன்று. மது மூளையைத் தளர்த்தும் பொருள். அது தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும், மறுநாள் மனத்தை இன்னும் கீழே இறக்கும். ஆண்களிடம் மனச்சோர்வு எரிச்சலாகவும் குடியாகவும் வெளிப்படுவது உண்மைதான். ஆனால் வீட்டில் அதைப் பார்ப்பவர்கள் "கெட்டுப்போய்விட்டான்" என்பார்களே தவிர, பாட்டெழுத மாட்டார்கள்.

உண்மையில் இந்த நோய் பல சமயம் முதலில் உடம்பில்தான் தெரியும். கடுமையான வகையில் ஆள் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்பே, நாலு மணிக்கெல்லாம் விழித்துக்கொள்வார். காலை நேரம் மிக மோசமாக இருக்கும், மாலையில் கொஞ்சம் தேவலை. இரவு உணவுக்கு வந்த உறவினர் பார்த்துவிட்டு "நல்லாத்தானே பேசினான்" என்று சொல்லிப்போவது இதனால்தான். கேள்வி கேட்டால் பதில் வர இடைவெளி விழும். குரல் ஏற்ற இறக்கமின்றித் தட்டையாகும். நடிகர்களுக்கு இதைச் செய்வது மிகவும் கடினம். நான்கு விநாடி மௌனம் திரையில் பெரும் பள்ளமாகத் தெரியும், படத்தொகுப்பாளர் அதை வெட்டிவிடுவார். கிளிசரின் கண்ணீரோ உடனே வேலை செய்யும்.

வேலைக்குப் போவதைப் பற்றி அம்மா கேட்கிறாரே, அதுதான் படங்கள் தொடாத பகுதி. இங்கே நிறையப் பேர் இஸ்திரி போட்ட சட்டையோடு எம்ஆர்டி ரயில் ஏறி, எட்டு மணி நேரம் சமாளித்து, வீடு திரும்பியதும் சட்டைகூட மாற்றாமல் படுத்துவிடுகிறார்கள். சேமித்து வைத்த தெம்பெல்லாம் அலுவலகத்திலேயே தீர்ந்துபோகும். வீட்டார் பார்ப்பது மிச்சத்தை. உங்கள் அம்மாவிடம் தாடியைத் தேடச் சொல்லாதீர்கள். வார இறுதியில் குளிக்கிறானா, பிடித்த காற்பந்தாட்டத்தைப் பார்க்கிறானா, நண்பர்களின் செய்திகளுக்குப் பதில் போடுகிறானா என்று கவனிக்கச் சொல்லுங்கள். காப்பிக்கடையில் எதை வாங்குவது என்று முடிவெடுக்க முடியாமல் வெறுங்கையோடு திரும்பி வந்தால், அதுவும் ஒன்பதில் ஒன்று.

வயதில் மூத்தவர்களிடம் இன்னும் வேறுமாதிரி. "மனசு சரியில்லை" என்று சொல்லவே மாட்டார்கள். தலை கனக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, கைகால் ஓய்ந்துபோச்சு என்பார்கள். இதய மருத்துவர், வயிற்று மருத்துவர் என்று சுற்றி, எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது என்று தெரிந்தபின் யாராவது தூக்கத்தைப் பற்றிக் கேட்பார்கள். அறுபது வயது அம்மாவுக்கு மனச்சோர்வு என்று ஒரு தமிழ்ப்படம் நினைவுக்கு வருகிறதா? திரையில் அம்மாக்களுக்கு வருவது மாரடைப்பு மட்டும்தான். குழந்தை பெற்ற பெண்ணுக்கு வரும் மனச்சோர்வும் திரையில் கண்ணில் படுவதில்லை. பிரசவமான சில நாள்களில் வரும் அழுகையும் கலக்கமும் இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். நம் படங்களில் தொட்டில் பாட்டு முடிந்ததும் குழந்தைக்குப் பத்து வயதாகிவிடுகிறது.

சரியாகக் காட்டிய படங்களும் உண்டு. 2011ல் வந்த 'மெலன்கோலியா'வில் நாயகியை அக்கா கைத்தாங்கலாகக் குளியல் தொட்டிவரை கொண்டுபோவார். தொட்டியின் விளிம்புக்கு மேல் காலைத் தூக்க அவளால் முடியாது. பிறகு அவளுக்குப் பிடித்த உணவைச் சமைத்து வைப்பார்கள். ஒரு வாய் எடுத்துவைத்துவிட்டுச் சாம்பல் மாதிரி இருக்கிறது என்று அழுவாள். அசைவு தளர்வதும் சுவை செத்துப்போவதும் இதைவிடத் துல்லியமாகத் திரையில் வந்ததில்லை என்பது என் கருத்து. அந்த நடிப்புக்காகக் கிர்ஸ்டன் டன்ஸ்டுக்குக் கான் விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. அதே படம் நோயாளிக்கு மற்றவர்களுக்குத் தெரியாத ஞானம் ஒன்று இருப்பதாகவும் காட்டப்பார்க்கும். அங்கே எனக்கு உடன்பாடில்லை. மனச்சோர்வு யாரையும் ஞானி ஆக்குவதில்லை. ஒரே வாக்கியத்தை நாள் முழுதும் தலைக்குள் சுற்றவிடும், அவ்வளவுதான்.

'இன்சைட் அவுட்' (2015) சிறுவர் படம். பதினோரு வயதுச் சிறுமியின் தலைக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு மேசை சாம்பல் நிறமாகி, எந்த உணர்ச்சி பொத்தானை அழுத்தினாலும் வேலை செய்யாமல் போகும் கட்டம் ஒன்று வரும். உணர்ச்சி மரத்துப்போவதைச் சின்னப்பிள்ளைகளுக்குக்கூட விளக்க அது போதும்.

மலையாளத்தில் 'கும்பளங்கி நைட்ஸ்' (2019). மூத்த அண்ணன் சஜி, தன்னால் அழக்கூட முடியவில்லை, மருத்துவரிடம் கூட்டிப்போ என்று தம்பியிடம் கேட்பார். மருத்துவர் முன் உட்கார்ந்ததும் அத்தனை நாளாக வராத அழுகை வந்து, மருத்துவரைக் கட்டிக்கொண்டு அழுவார், மருத்துவரின் சட்டை நனைந்துபோகும். முறையான சிகிச்சை அமர்வில் மருத்துவர் இப்படிக் கட்டிக்கொண்டிருக்க மாட்டார். ஆனாலும் ஓர் ஆண் தானாகவே உதவி கேட்பதும், கூடப்பிறந்தவன் கேலி பேசாமல் கூட்டிப்போவதும் நம் பக்கத்துப் படங்களில் அரிது.

'3' (2012) படத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மனச்சோர்வு என்றதும் நம்மவர்கள் பலரும் அதைத்தான் சொல்வார்கள். அதில் நாயகனுக்கு இருப்பதாகக் காட்டுவது இருதுருவக் கோளாறு. சோர்வுக் காலமும் அதற்கு எதிரான அதீத எழுச்சிக் காலமும் மாறி மாறி வரும் வேறொரு நோய் அது. மாயத்தோற்றங்களும் வன்முறையும் திரையில் நிரம்பியிருப்பதால், மனச்சோர்வு உள்ளவர் பக்கத்தில் இருப்பவரைத் தாக்கிவிடுவார் என்ற பயம் மனத்தில் தங்கிவிடுகிறது. மனச்சோர்வில் ஆபத்து பெரும்பாலும் அவருக்கேதான். இரண்டு நோய்களையும் பிரித்துப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இருதுருவக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் அதீத எழுச்சி கிளம்பிவிடலாம். அதனால்தான் "தூக்கமே இல்லாமல் நாலைந்து நாள் உற்சாகமாகச் சுற்றியதுண்டா, கைமீறிச் செலவு செய்ததுண்டா" என்று மருத்துவர் கேட்பார். தம்பியோடு போனால் இந்தக் கேள்விக்கு நீங்களும் பதில் சொல்லுங்கள். எழுச்சிக் காலத்தை நோயாளியைவிட வீட்டார்தான் நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள். மனைவியிடம் நோயை மறைத்துவிட்டு நண்பனிடம் மட்டும் சொல்வது படத்துக்கு இறுக்கம் கூட்டுகிறது. வீட்டில் அப்படிச் செய்தால் மாத்திரை தவறுவதைக் கவனிக்க ஆளில்லாமல் போகும்.

சிகிச்சை விஷயத்தில் படங்கள் செய்யும் தவறு காலக்கணக்கில் இருக்கிறது. ஊசி போட்டதும் நாயகன் கண்மூடுவான், எழும்போது தெளிந்திருப்பான். அந்த ஊசி தூங்கவைக்கும், நோயைத் தீர்க்காது. இன்று முதலில் எழுதித்தரும் மாத்திரைகள் பெரும்பாலும் எஸ்சிட்டாலோப்ராம் 10 மில்லிகிராம், செர்ட்ராலின் 50, ஃப்ளூவொக்சிட்டின் 20 போன்றவை. சிலருக்கு இதில் பாதியில் தொடங்குவார்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, படபடப்பு வரலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுமையாகத் தெரிய ஆறு முதல் எட்டு வாரம். தொல்லை முதலில், பலன் பிறகு என்ற இந்த வரிசையால்தான் பத்தாம் நாளில் நிறையப் பேர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடும் வாய்ப்பு உண்டு என்பதால் மருத்துவர் சீக்கிரமே மறுபடி வரச்சொல்வார். அந்தச் சந்திப்பைத் தவறவிடாதீர்கள்.

நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பளிச்சிடுவது போன்ற உணர்வு வரலாம். இது அடிமைத்தனம் இல்லை, உடல் பழகிய மருந்தைப் படிப்படியாகக் குறைக்காததன் விளைவு. ஒருமுறை வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு நோய் திரும்பவும் வருகிறது. படத்துக்கு இது பெரிய சிக்கல். 'சுபம்' போட்டபின் ஆறு மாதம் மாத்திரை சாப்பிடுவதை யார் பார்ப்பார்கள்?

மின்அதிர்வு சிகிச்சைதான் திரையில் அதிகம் கெடுக்கப்பட்டது. 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்' (1975) படத்தில் நாயகனை முழு நினைவோடு பிடித்து அமுக்கி அதிர்வு கொடுப்பார்கள். நம்மூர்ப் படங்களில் 'ஷாக்' என்றாலே தண்டனை. 1938ல் ரோமில் இதைத் தொடங்கியபோது மயக்கமருந்து கிடையாது. பல பத்தாண்டுகளாகவே முழு மயக்கமும் தசைத்தளர்வு மருந்தும் கொடுத்துத்தான் செய்கிறார்கள். மூளையில் வலிப்பு ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், வெளியே கால்விரல் லேசாகத் துடிப்பது தெரிந்தால் உண்டு. வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, மொத்தம் ஆறு முதல் பன்னிரண்டு. சோறு தண்ணீர் எடுக்காமல் கிடப்பவர், உயிராபத்தில் இருப்பவர், மருந்துக்கு இசையாதவர் போன்றோருக்கு. சிகிச்சைக் காலத்தை ஒட்டிய நினைவுகள் சிலருக்கு அழிந்துபோவது உண்மை, அதை மறைக்கத் தேவையில்லை. உங்கள் தம்பியின் நிலையில் இந்தப் பேச்சே எழாது.

ஆலோசனை அமர்வு என்றால் திரையில் ஒரே காட்சி: பால்ய காலத்து ரகசியம் ஒன்று வெளியே வரும், அழுகை, விடுதலை. 'டியர் ஜிந்தகி' (2016) இந்த விஷயத்தில் பாதி சரி, பாதி தவறு. கடற்கரையில் நடந்துகொண்டும் சைக்கிள் ஓட்டிக்கொண்டும் அமர்வு நடத்துவது சினிமா. கடைசியில் நாயகி தன் ஈர்ப்பைச் சொல்லும்போது ஆலோசகர் எல்லையைத் தாண்டாமல் உறவை முடித்துக்கொள்வது சரியான தொழில்முறை. நிஜத்தில் நடப்பது இதைவிட அலுப்பானது. வாரம் ஒருமுறை, ஐம்பது நிமிடம், பன்னிரண்டு வாரம் போல. கையில் ஒரு தாள். மணிவாரியாக என்ன செய்தோம், அதில் எவ்வளவு இன்பம், எவ்வளவு நிறைவு என்று பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். முதல் வார வீட்டுப்பாடம் புளோக்கின் கீழே இருக்கும் திறந்த தளமான வாய்ட் டெக்வரை இறங்கிப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவது என்ற அளவில் இருக்கும். மனம் வந்தபின் செய்வோம் என்று காத்திருக்காமல், செய்தபின் மனம் வரும் என்று தொடங்குவது இதன் அடிப்படை.

'வாரணம் ஆயிரம்' (2008) பற்றி அம்மா கட்டாயம் கேட்பார். காதலி இறந்தபின் போதையில் விழும் நாயகன், காஷ்மீர் போய், உடம்பை முறுக்கேற்றி, ராணுவத்தில் சேர்கிறான். "மனசு வச்சா முடியும், அவனைப் பார்" என்பதற்கு இதைவிட நல்ல மேற்கோள் கிடைக்காது. உடற்பயிற்சி மிதமான மனச்சோர்வுக்கு உதவும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் மனம் வைப்பதற்கு எந்தச் சக்தி தேவையோ அதைத்தான் இந்த நோய் முதலில் எடுத்துக்கொள்கிறது. ஒரு பாட்டுக்குள் ஆறு மாதம் ஓடிவிடுவதால் இடையில் எழுந்திருக்க முடியாமல் போன நாள்கள் திரையில் வருவதில்லை. "ஜிம்முக்குப் போ" என்பதைவிட "வா, கடைவரை நடந்துட்டு வரலாம்" என்று கூட நடப்பது வேலை செய்யும். கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்ற யோசனையும் இதே திரைக்கதையிலிருந்துதான் வந்தது. அதற்கு ஒரே பதில், வேண்டாம்.

மருத்துவமனைக் காட்சிகளில் கம்பிக்கதவும் காரணமில்லாத சிரிப்பும் வராத தமிழ்ப்படம் குறைவு. தமிழ்நாட்டில் கீழ்ப்பாக்கம் என்று கிண்டல் செய்வதுபோல் இங்கே 'உட்பிரிட்ஜ்' என்பார்கள். 1928ல் இயோ சூ காங் பகுதியில் தொடங்கி, 1951ல் அந்தப் பெயரைப் பெற்ற மருத்துவமனை, 1993ல் புவாங்கோக்குக்கு மாறி இன்று மனநலக் கழகமாக இருக்கிறது. மனச்சோர்வு உள்ளவர்களில் பெரும்பாலோர் அதன் வார்டுக்குள் கால்வைப்பதே இல்லை. 2016ல் நடந்த தேசிய ஆய்வின்படி சிங்கப்பூரில் 6.3 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த நோய் வந்திருக்கிறது, அதாவது ஏறக்குறைய 16 பேரில் ஒருவர். அத்தனைப் பேரும் எங்கே போகிறார்கள்? பலதுறை மருந்தகம், வட்டாரக் குடும்ப மருத்துவர், பொது மருத்துவமனையின் வெளிநோயாளி மருந்தகம். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் நிபுணருக்கு மானியக் கட்டணம். நாட்பட்ட நோய்த் திட்டத்தில் இது இருப்பதால் மருத்துவச் சேமிப்பான மெடிசேவையும் பயன்படுத்தலாம். வேலை போய்விடும் என்று தம்பி பயந்தால், வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் மனநோய் உண்டா என்று கேட்கக்கூடாது என 2020லிருந்தே அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்த முத்தரப்பு வழிகாட்டி சொல்கிறது என்பதைச் சொல்லுங்கள்.

தற்கொலையைப் படங்கள் காதலின் நிரூபணமாகவோ, பழிவாங்கலாகவோ, உச்சக்காட்சியாகவோ வைக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2019ல் திரைத்துறையினருக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது: வழிமுறையைக் காட்டாதே, ஒரே காரணத்தில் முடிச்சுப்போடாதே, உதவி தேடி மீண்டவர்களைக் காட்டு என்று. அதே ஆண்டு நெட்ஃபிளிக்ஸ் தன் தொடர் ஒன்றின் அத்தகைய காட்சியை நீக்கியது. வீட்டில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. "செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது. பலருக்கு அது ஆறுதலாகவே இருக்கும். உள்ளம் தெளியும் முன்பே உடம்பில் தெம்பு திரும்பும் சில வாரங்கள் உண்டு. அப்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். பழைய படங்களில் வருவதுபோல் போலீஸ் வழக்குக்குப் பயப்பட வேண்டாம். 2020 ஜனவரி 1 முதல் இங்கே தற்கொலை முயற்சி குற்றமில்லை. உடனடி ஆபத்து என்றால் 995. பேச ஆள் வேண்டுமென்றால் சிங்கப்பூர் அபயக்கரங்கள் சங்கம் 1767, தேசிய மனநல உதவி எண் 1771. மனநலக் கழகத்தின் 6389 2222 எண்ணும் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது.

இனி அம்மாவுக்கு எந்தப் படம்? முழுப்படம் வேண்டாம். 'கும்பளங்கி நைட்ஸ்' மட்டும் அவர் முழுதாகவே ரசித்துப் பார்ப்பார், மொழியும் பாதி புரியும். 'மெலன்கோலியா'வில் அந்தக் குளியல் காட்சியும் சாப்பாட்டுக் காட்சியும் போதும். மீதிப்படம் அவருக்குப் பொறுமையைச் சோதிக்கும். '3' வேண்டவே வேண்டாம். படம் பார்க்கும்போது தம்பியைப் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள். ஒவ்வொரு காட்சிக்கும் அம்மா திரும்பி அவன் முகத்தைப் பார்ப்பார். அவனாக வந்து உட்கார்ந்தால் உட்காரட்டும். இந்தக் கட்டத்தில் அவனுக்கு வசன வரிகளைப் படித்துக்கொண்டே கதையைப் பின்தொடர முடியாமல் போகலாம், அரை மணியில் எழுந்து போனால் "பிடிக்கலையா" என்று கேட்க வேண்டாம். அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு, தம்பி சம்மதித்தால், அம்மாவையும் உள்ளே கூட்டிப்போங்கள். மருத்துவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் நீங்கள் மொழிபெயர்க்கலாம். ஆனால் அம்மா கேட்பதை மென்மைப்படுத்தாமல் அப்படியே சொல்லுங்கள், தாடியைப் பற்றிய கேள்வி உட்பட.